தஞ்சை இசைச் சங்கம் நமக்கு வைத்துப்போன கடன்

(பள்ளிபாளையத்தில் தமிழன்பர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

இக் கூட்டத்திற்கு வரும் வழியெல்லாம் விசைத்தறிக் கூடங்களின் ஓசையைக் கேட்டுக்கொண்டே வந்தேன். வெளியூரார்க்கு அது வெறும் இரைச்சல். இவ்வூரில் பிறந்தவர்க்கோ தாலாட்டு. தறியோட்டும் தோழர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஓட்டத்தில் ஏதேனும் ஒரு பிறழ்வு ஏற்பட்டால், கண் காணும் முன்பே அவர் காது அதனைக் கண்டுகொள்ளும். செவியால் ஆராய்ந்தறியும் திறம் இவ்வூர் உழைப்பாளர்க்குத் தொழிலோடு வந்தது. அந்தச் செவியை நம்பியே இன்று இசையைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

நூறாண்டுகளுக்கு முன்னர்த் தஞ்சையில் ஓர் இசைச் சங்கம் இருந்தது. அரசு அதனைத் தோற்றுவிக்கவில்லை. சமீன்தார் எவரும் அதற்குப் பொருள் வழங்கவில்லை. தனியொருவர் தம் கைப்பொருளால் நடத்திய சங்கம் அது. அதன் வாழ்வு சில ஆண்டுகளே. ஆயினும், தமிழிசை என்ற சொல்லை இன்று நாம் தலைநிமிர்ந்து சொல்கின்றோமெனின், அதற்கு அச் சங்கம் இட்ட அடிப்படை ஒரு பெருங் காரணம். அதன் வரலாற்றையும், அது நமக்கு வைத்துப்போன கடனையும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

அதற்கு முன் ஒரு குற்றத்தை இவ்வவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். குற்றவாளி நானே.

பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகின்றேன். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கல்லூரியில் பாடமாகவே படித்தவன். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்பின் பெயர்களையும் உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒருநாள் வகுப்பில் அவற்றைக் கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இவை எப்படி ஒலிக்கும்? ஒன்றைப் பாடிக் காட்டுங்கள்" என்றாள். எனக்கு நா எழவில்லை. "அது தேர்வுக்கு வராது அம்மா, உட்கார்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து நான் எழுந்து நிற்க இயலாதவனாகிவிட்டேன்.

வடசொல் ஒன்று என் முன் ஒலித்தால் உடனே திருத்துபவன் நான். கச்சேரி என்பாரை இசையரங்கு எனச் சொல்லவைப்பேன். இராகம் என்பாரைப் பண் எனச் சொல்லவைப்பேன். ஆனால், அந்தப் பண் எப்படி ஒலிக்கும் என்று ஒரு சிறுமி கேட்டபோது என்னிடம் விடையில்லை. சொல்லைக் காத்தேன்; சொல் சுட்டும் பொருளைக் கைவிட்டேன். அந்த நாணத்தோடு தேடிப் போனபோதுதான் தஞ்சைச் சங்கத்தின் அருமை எனக்கு விளங்கிற்று.

அச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் ஆபிரகாம் பண்டிதர். 1859-ஆம் ஆண்டு, இன்றைய தென்காசி மாவட்டத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தஞ்சைக்கு வந்து பள்ளியில் தமிழ் கற்பித்தார். ஆம், அவரும் நம்மைப்போல் ஒரு பள்ளியாசிரியரே! பின்னர்த் தமிழ் மருத்துவத்தில் ஈடுபட்டு, ஆசிரியப் பணியை விடுத்து மருத்துவரானார். தஞ்சையை அடுத்துப் பெருந்தோட்டம் அமைத்து மூலிகைகளும் பயிர்களும் வளர்த்தார். மருந்தால் ஈட்டிய பொருளை இசைக்குக் கொட்டினார். கிறித்துவ நெறியினர், ஆயினும், சிலப்பதிகாரத்தைத் தம் இசைமறையாகக் கொண்டார்.

1912-ஆம் ஆண்டு மேத் திங்கள் 27-ஆம் நாள் தஞ்சையில் அவர் சங்கத்தைத் தொடங்கினார். பெயரைச் சொல்லட்டுமா? சங்கீத வித்தியா மகாசன சங்கம்! ஐந்தெழுத்துத் தமிழ்கூட அதில் இல்லையே என உங்களுள் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கின்றேன். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்திற்குக் கால்கோள் செய்தது 1916-இல். சங்கம் அதற்கு நான்காண்டுகள் முற்பட்டது. அக்காலப் பழக்கம் அது என்று அமைதி கூறலாம். ஆனால், நான் அமைதி கூற வரவில்லை. அப் பெயரை நம் முகம் பார்க்கும் கண்ணாடியாக்கவே வந்துள்ளேன். அச் சங்கத்தின் பெயர் வடமொழி. ஆய்ந்த பொருளோ தமிழ். நம் மன்றங்களின் பெயர் தமிழ், பொருள் எது? இக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

சங்கம் செய்த வேலை என்ன? பாட்டு நிகழ்ச்சி வைத்துக் கைதட்டிக் கலைவதன்று. இசைவாணரையும் புலவரையும் பண்டிதர் தம் செலவில் தஞ்சைக்கு அழைத்தார். மாநாடுகள் அடுத்தடுத்து நடந்தன. கட்டுரைகள் படிக்கப்பட்டன, தடைகள் எழுப்பப்பட்டன, விடைகள் இறுக்கப்பட்டன. வாயால் சொன்னதைக் குரலாலும் நரம்பாலும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஏட்டுப் புலமையும் பாட்டுப் புலமையும் ஓரவையில் எதிரெதிர் அமர்ந்து ஒன்றையொன்று ஆராய்ந்தன. அதற்குமுன் இரண்டும் இரண்டு தெருக்களில் வாழ்ந்தன. புலவர் படித்தார், பாடவில்லை. பாடகர் பாடினார், தமிழிசை நூல்களைப் படிக்கவில்லை.

அங்கு ஆய்ந்த சிக்கல்களுள் தலையாயது ஒன்று. ஓர் இயக்கில், அஃதாவது குரல் தொடங்கி அடுத்த குரல் வரையில், நுண்ணிசை அலகுகள் எத்தனை? பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாரங்கதேவர் வடமொழியில் இயற்றிய சங்கீத இரத்தினாகரம் 22 என்றது. அதையே எல்லாரும் ஒப்பிவந்தனர். தமிழ் நூல் வழக்கிலும் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 எனக் கூட்டினால் 22 வருகின்றது. பண்டிதர் இங்கேதான் நின்று பார்த்தார். முழு இயக்கின் அலகு 24. வட்டப்பாலை முறையில் விளரியிலும் கைக்கிளையிலும் ஓரோர் அலகு குறைத்துப் பாடுவது பழந்தமிழர் மரபு. ஆகவேதான் 22 எனத் தோன்றுகின்றது என்று வாதிட்டார்.

இம் முடிபோடு அவர் தஞ்சையிலேயே இருந்துவிடவில்லை. 1916-இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிற்குத் தம் மகளிரையும் அழைத்துச் சென்றார். வடநாட்டு இசையறிஞர் நிறைந்த அவையில் தம் கொள்கையை எடுத்துரைத்து, மகளிரின் இசையால் அதனை விளக்கினார். தமிழிசைக்கு நூலுண்டு, கணக்குண்டு, அதைக் காட்டப் பெண்மக்களின் குரலுமுண்டு என்பதை அவ்வவை கேட்டது. அடுத்த ஆண்டே, 1917-இல், கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைக் கடந்த அப் பெருநூலைத் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார்.

1919-இல் பண்டிதர் மறைந்தார். அவர் உழைப்பாலும் பொருளாலும் நின்ற சங்கம் அவருக்குப் பின் பழைய வலிமையோடு எழவில்லை. ஒருவரையே தூணாகக் கொண்ட கூரை அத்தூண் சாய்ந்தால் நில்லாது என்பது நாம் கற்க வேண்டிய முதற் பாடம்.

ஆயினும், விதை மடிந்தா போயிற்று? பண்டிதரின் மகளார் மரகதவல்லியார் தந்தையின் நூலின் இரண்டாம் பகுதியை 1946-இல் வெளிக்கொணர்ந்தார். மகனார் வரகுணபாண்டியனார் யாழைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஈழத்துக் காரைதீவில் தோன்றிய விபுலானந்த அடிகள் பல்லாண்டுகள் முயன்று ஆக்கிய யாழ்நூல் 1947-இல் அரங்கேறியது. அடிகள் பண்டிதரின் 24 அலகுக் கொள்கையை ஏற்கவில்லை. 22 என்றே கொண்டார். இதில் வருந்துதற்கு என்ன உளது? இருவரும் தமிழ் நூலையே சான்றாக வைத்து வழக்காடினர். அவ் வழக்காடு மன்றத்தின் கதவைத் திறந்தவர் பண்டிதர். அவர் விட்டுச்சென்ற செல்வம் 24 என்ற எண்ணன்று. ஆய்ந்து, பாடி, மெய்ப்பித்துக் காட்டு என்ற நெறி.

பின்னர் 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு, இறுதியில் தூவும் துக்கடாவாக இருந்த இழிவைக் கண்டு தமிழர் கிளர்ந்தெழுந்த காலம் அது. அரசர் அண்ணாமலையார் முன்னின்றார். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் அமைந்தது. 1949 முதல் அங்குப் பண்ணாராய்ச்சி நடைபெறலாயிற்று. பண்டிதர் தஞ்சையில் கையாண்ட முறை, பாடுவோரும் படித்தோரும் ஓரவையில் கூடி ஆராயும் முறை, அங்கு மறுபடியும் உயிர்பெற்றது. குடந்தை ப. சுந்தரேசனார் ஊர்தோறும் சென்று பண்டைத் தமிழிசையைப் பாடியே விளக்கினார். அவர் 1981-இல் மறையும்வரை அத்தொண்டை விடவில்லை.

தஞ்சைக் கதையைப் பள்ளிபாளையத்தில் சொல்வானேன் என்று சிலர் எண்ணலாம். காவிரிக் கழிமுகத்தார்க்குத்தான் இசை, கொங்கு நாட்டார்க்குக் கொழுவும் தறியுமே என்று நம்மவரே நம்பிக்கொண்டிருக்கின்றோம். இதனினும் பெரும் பொய் வேறில்லை!

பண்டிதர்க்குச் சிலப்பதிகாரம் கிடைத்தது எவ்வாறு? 1892-இல் உ. வே. சாமிநாதையர் அதனை உரையோடு பதிப்பித்தார். அவ்வுரையாசிரியர் அடியார்க்குநல்லார். அரங்கேற்று காதைக்கு அவர் உரை இல்லையேல் பழந்தமிழிசைக் கணக்கு நமக்கு இருட்டறையே. அந்த அடியார்க்குநல்லார் எந்நாட்டவர்? கொங்கு நாட்டு நிரம்பை அவர் ஊர் என்பர். காவிரிக்கு அக்கரையில், நாம் பேருந்தேறிப் போய்வரும் தொலைவிலுள்ள பெருந்துறைப் பகுதியை ஒட்டியது அது. தஞ்சைச் சங்கத்தில் எரிந்த விளக்குக்கு எண்ணெய் வார்த்தவர் கொங்கர்.

அவர் தம் உரைக்குத் துணையாகக் கொண்ட இசை, நாடக நூல்கள் ஐந்தைக் குறிப்பிடுகின்றார். அவற்றுள் ஒன்று பஞ்சமரபு. மறைந்தொழிந்ததென்றே உலகம் கைவிட்டிருந்த அந்நூலின் சுவடியைத் தேடியெடுத்து 1970-களில் அச்சேற்றியவர் கொங்கு நாட்டு வித்துவான் வே. இரா. தெய்வசிகாமணிக் கவுண்டர். பண்டிதர் காணாத நூல் அது, நமக்குக் கிடைத்துள்ளது. நம்மில் எத்தனை பேர் அதனைத் திறந்து பார்த்தோம்?

இன்னும் கேளுங்கள். ஈரோட்டிற்குத் தெற்கே அறச்சலூர் மலையில் ஒரு குகை. அங்குப் பழந்தமிழ் எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு. அதனைக் கண்டு உலகிற்கு அறிவித்தவர், 2023-இல் மறைந்த நம் புலவர் செ. இராசு. ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்தெழுத்து. தகரமும் அதன் உயிர்மெய் இனமுமாகிய தாளச் சொற்கட்டு. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே வரும்! ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடையது. அதனை அமைத்தவன் பெயரும் அங்கே உள்ளது: தேவன் சாத்தன் என்னும் வண்ணக்கன். வண்ணக்கன் என்போன் யார்? காசின் தரத்தையும் பொன்னின் மாற்றையும் உரைத்துப் பார்த்து அறிபவன். இசைவாணன் என்று அவன் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. தொழில் செய்து பிழைத்தவன். ஆயினும் எழுத்தைப் புணர்த்தான். தாளத்தைக் கல்லில் நிறுத்தினான். பொன்னை உரைத்துப் பார்ப்பதுபோல் இசையையும் உரைத்துப் பார்த்த அவன், தஞ்சைச் சங்கத்திற்குப் பன்னூறாண்டுகள் முந்திய முன்னோன் அல்லனோ? கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் குரல் தமிழகத்தையே ஆண்டதும் நீங்கள் அறியாததன்று.

இத்தனை உரிமை உடைய நாம் என்ன செய்கின்றோம்? பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். அவர் வழியில் சொல்லின் வேரை ஆராயக் கற்றோம். நன்று. இசையின் வேரை ஆராய்ந்தோமா? விழா அழைப்பிதழில் ஒரு வடசொல் வந்தால் கொதித்தெழுகின்றோம். அதே விழாவில் ஒலிபெருக்கி அலறுவதைக் கேட்டுக்கொண்டு வாளாவிருக்கின்றோம். நான் நம் இயக்கத்தைப் பழிக்கவில்லை. சொல் தூய்மை வேண்டும்; அதனை ஒருபோதும் விட்டுக்கொடேன். ஆனால், சொல் தூய்மை வாயில்; வீடு அதற்குள்ளே இருக்கின்றது. வாயிலையே துடைத்துக்கொண்டிருப்பவன் வீட்டில் குடியேறுவது எப்போது?

என் குற்றத்திற்குத் திரும்புகின்றேன். அம் மாணவியின் கேள்வி என்னைத் துரத்திற்று. ஆற்றுக்கு அக்கரையில், பழைய நாடகக் குழுக்களில் ஆர்மோனியப் பெட்டி வாசித்த முதியவர் ஒருவரைத் தேடிச் சென்றேன். வட்டப்பாலையைத் தாளில் வரைந்து காட்டினேன். "பன்னிரண்டு வீடு, அவற்றுள் ஏழு நரம்பு. நரம்புகளை அசைக்காமல், தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றினால் ஏழு பாலையும் பிறக்கும் என்கின்றது நூல்" என்றேன். பாலை என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. ஆனால், சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இதை வெள்ளைக் கட்டையிலேயே வாசிக்கலாமே" என்றார்.

வாசித்தார். ஐந்தாம் வெள்ளைக் கட்டையில் தொடங்கி, கருங்கட்டையைத் தொடாமலே மேலேறினார். அரிகாம்போதி! பின்வந்த அறிஞர் பலர் செம்பாலை என்று கொண்டது அதுவே. அடுத்த கட்டையில் தொடங்கினார், நடபைரவி. அதுவே படுமலைப்பாலை. அடுத்ததில் செவ்வழிப்பாலை, அதற்கு இன்றைய மேளத்தில் நேரான பெயரில்லை. அடுத்து அரும்பாலையாகிய சங்கராபரணம், கோடிப்பாலையாகிய கரகரப்பிரியை, விளரிப்பாலையாகிய தோடி, இறுதியில் மேற்செம்பாலையாகிய கல்யாணி. பெட்டியின் சுரம் நுண் அலகைக் காட்டாது என்பதை நானறிவேன். அதற்குக் குரலும் நரம்பும் வேண்டும். ஆயினும், ஏழு பாலையும் அரை மணி நேரத்தில் என் காதில் விழுந்தன. எனக்குச் சொல் தெரியும், ஒலி தெரியாது. அவர்க்கு ஒலி தெரியும், சொல் தெரியாது. இருவரும் ஒரு பாயில் அமர்ந்தபோது நூல் பேசிற்று. தஞ்சைச் சங்கம் என்பது இதுதான் என்று அன்று தெளிந்தேன்.

ஆகவே, அன்பர்களே, இவ்வூரில் ஓர் இசைமன்றம் அமைய வேண்டும் என்பது என் வேண்டுகோள். பண்டிதர் செல்வர், நாம் அல்லோம். நாள் முழுதும் தறியில் நிற்பவர்க்கு இசையாராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். தேவன் சாத்தனுக்கும் தொழில் இருந்தது என்பதே என் விடை. நமக்குப் பெருமண்டபம் வேண்டா. பதின்மர் அமரும் ஓர் அறை போதும். திங்களுக்கு ஒரு ஞாயிறு போதும். ஆதார ஒலி இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் விலையின்றிக் கிடைக்கின்றது. ஒரு திங்களுக்கு ஒரு பாலை என வைத்துக்கொண்டால், ஏழே திங்களில் ஏழு பாலையும் நம் பிள்ளைகளின் வாயில் ஏறிவிடும்.

அடுத்து, நம் ஊர்ப் பாட்டைக் கேளுங்கள். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுவோர் உள்ளனர். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெரிந்த பாட்டிமார் உள்ளனர். அவர்களை அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். அவர்கள் பாடும் பாட்டு எந்தப் பாலையில் நிற்கின்றது, எந்த நரம்பில் தொடங்கி எதில் முடிகின்றது என்று பதிந்து வையுங்கள். தேவாரம் ஓதுவாரையும், தவில் முழக்குவாரையும், பறை இசைப்பாரையும் ஒரே பாயில் அமரச் செய்யுங்கள். எவர் உயர்ந்தவர் என்ற பேச்சு அவ்வறைக்குள் நுழையக் கூடாது. நம் கொள்கையை மறுப்பவரையும் அழையுங்கள். மறுப்புக்கு அஞ்சுபவன் ஆராய்ச்சியாளன் அல்லன். நடந்தவற்றை எழுதி ஆண்டுக்கொருமுறை சிறு சுவடியாக அச்சிடுங்கள். பண்டிதர் அச்சிட்டிராவிடில் அவர் சங்கத்தைப் பற்றி இன்று நான் பேசியிருக்க இயலாது. இறுதியாக, மன்றத்தை ஒருவர் தோளில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். தஞ்சைச் சங்கம் நின்றுபோன காரணத்தை மறவாதீர்கள்.

மன்றத்திற்குத் தூய தமிழில் பெயர் வையுங்கள். அதில் எனக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால், பெயர்ப்பலகையை மாட்டும் நாளை விழாவாக்காதீர்கள். இவ்வூர்ச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, செம்பாலை எப்படி ஒலிக்கும்?" என்று கேட்டு, அவள் ஆசிரியர் தயங்காமல் பாடிக் காட்டும் நாளை விழாவாக்குங்கள். அந்நாளில் தஞ்சைச் சங்கத்திற்கு நாம் பட்ட கடன் ஒருவாறு தீரும். என் கடனும் தீரும்.

என்னிடம் கேட்ட அந்த மாணவி இன்று எங்கிருக்கின்றாளோ, அறியேன். ஏழு பாலையையும் கற்றுக்கொண்டு வருகின்றேன். இந்த அகவையில் என் தொண்டை எளிதில் வளைவதில்லை. ஆயினும் இன்று எவரேனும் கேட்டால், "உட்கார்" என்று சொல்லமாட்டேன். நானும் எழுந்து நின்று பாடுவேன்.



வாழ்க தமிழ்! வெல்க தமிழிசை!